பழைய பட்டறைப் பட்டியல்: தமர், வட்டை, சாவண்டலை, லீக்கர்... இவை என்ன?

#1 சொல்தேடி

வட இலங்கையில் வண்டியும் பீப்பாயும் செய்த ஒரு மரப்பட்டறை கைமாறியபோது எழுதிய இருப்புப் பட்டியல் கிடைத்திருக்கிறது. ஆண்டு போடவில்லை. எண்களெல்லாம் தமிழ் எண்கள். நான் மாற்றித் தருகிறேன். ஒரு சொல்லகராதிக்காக ஒவ்வொன்றுக்கும் பொருளும் பயனும் வேண்டும்.

கருவிகள்: வாய்ச்சி 2, சீவுளி 5, பட்டையுளி 6, நகவுளி 2, கொட்டாப்புளி 3, ஈர்வாள் 1, முப்பட்டை அரம் 3, தமர் 4 (3, 4, 6, 8 நூல்), துரப்பணம் வாருடன் 1, கவராயம் 2.

வண்டி: குடம் 8, ஆரக்கால் 104, வட்டை 52, பட்டா 6, இருசு 3, கடையாணி 11.

மரம்: பாலைக் கட்டை 4 (சுற்று 4 அடி, நீளம் 10 அடி, ஆகக் கன அடி 40), முதிரைச் சட்டம் 22, பனஞ்சிலாகை 40.

பீப்பா: பீப்பா 3, வளையம் 18, சாவண்டலைப் பலகை 60 (நீளம் 2 முழம், கனம் 9 நூல்), மூடிப் பலகை 24, லீக்கர் பீப்பா 1.

அகராதிகளைப் பார்த்துவிட்டேன். "ஒருவகைத் தச்சுக்கருவி", "ஒருவகை மரம்" என்று போட்டிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

#2 முழக்கோல்

முதலில் "நூல்". பட்டியலின் பாதி அதில்தான் தொங்குகிறது. ஓர் அங்குலத்துக்கு 8 நூல். தச்சர், கொல்லர், கொத்தனார் எல்லோரும் இன்றும் இப்படித்தான் பேசுகிறார்கள். 9 நூல் கனம் என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, அதாவது 1⅛ அங்குலம். 3, 4, 6, 8 நூல் தமர் என்றால் ⅜, ½, ¾, 1 அங்குலம்.

வாய்ச்சி (பேச்சில் வாச்சி): கோடாலி மாதிரி பிடி இருக்கும், ஆனால் வெட்டுவாய் பிடிக்குக் குறுக்கே கிடக்கும். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு தன்னை நோக்கிக் கொத்துவது. பலகையின் முகத்தைச் சமன் செய்யவும், சக்கரத்தின் வெளிவட்டத் துண்டான வட்டையின் உள்வளைவை எடுக்கவும், பீப்பாய்ப் பலகையின் உள்பக்கத்தைக் குழிக்கவும் இதுதான். சாணை உள்பக்கம் மட்டும். இரு பக்கமும் தீட்டினால் வாய் மரத்தில் பிடிக்காமல் வழுக்கும், அல்லது ஆழமாகக் கடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பட்டறையில் இரண்டு இருந்தால் ஒன்று நேர்வாய், மற்றது வளைவாய் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டையுளி தட்டையான உளி. நகவுளியின் வெட்டுவாய் நகத்தைப் போல வளைந்திருக்கும், குழிப்பதற்கு. கொட்டாப்புளி மரச்சுத்தி, பெரும்பாலும் புளியங்கட்டை. இரும்புச் சுத்தியால் உளியைத் தட்டினால் பிடியின் தலை மலர்ந்து பிளந்துவிடும், அதனால்தான் தனியாக மரத்தில். முப்பட்டை அரம் மூன்று பக்க அரம். வாளின் பல் தீட்டத் தவிர வேறெதற்கும் அதை எடுக்க மாட்டார்கள்.

ஈர்வாள் இருவர் இழுக்கும் பெரிய அறுப்பு வாள். கட்டையைக் குழிமேல் ஏற்றி ஒருவர் மேலே, ஒருவர் கீழே. கரிப்பொடியோ காவியோ தடவிய நூலைக் கட்டையின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். கோட்டைப் பார்த்துச் செலுத்துவது மேலாள். கீழாளுக்குப் பலம்தான் வேலை, கண்ணெல்லாம் தூள். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்த்திருக்க வேண்டும். சாய்ப்பு குறைந்தால் பாதி வழியில் வாள் இறுகி நின்றுவிடும். கூடினால் ஒவ்வொரு அறுப்பிலும் ஒரு நூல் மரம் வீணாகத் தூளாகும்.

#3 வடமராட்சியான்

முழக்கோல் ஐயா சீவுளியை விட்டிட்டார். தமிழ்நாட்டில் இழைப்புளி எண்டு சொல்லுறதைத்தான் எங்கட பக்கம் சீவுளி எண்டு சொல்லுறது. அங்கே சிலர் உள்ளே இருக்கிற தகட்டை மட்டும் சீவுளி எண்டு சொல்லக்கூடும். இந்தப் பட்டியல் வடக்கில் எழுதினது, ஆகவே 5 சீவுளி எண்டால் முழுக் கருவி ஐந்து. தம்பி அகராதியில் இரண்டு பொருளையும் இடத்தோடு போடுங்கோ.

சிலாகையும் அப்படித்தான். கூரையில் கைமரத்துக்குக் குறுக்கே ஓடுகிற மெல்லிய சட்டம். தமிழ்நாட்டில் இப்ப ரீப்பர் எண்டு சொல்லுவினம். பனஞ்சிலாகை, பனையின் வெளிச்சுற்றில் அறுத்தது. பனைக்கு வைரம் வெளியே, உள்ளே சோறு. தொல்காப்பியம் இதைப் பார்த்துத்தான் புறக்காழ் உள்ளதைப் புல் எண்டும் அகக்காழ் உள்ளதை மரம் எண்டும் பிரிச்சது. ஆகவே பனையில் நடுவைத் தள்ளி ஓரத்தை எடுக்க வேணும். மற்ற மரத்தில் ஓரத்து வெளிறைத் தள்ளி நடுவை எடுக்க வேணும். பனஞ்சிலாகை வாங்கும்போது அறுத்த முகத்தில் கறுப்பு நார் நெருக்கமாக நிக்குதோ எண்டு பார்க்கிறது. நார் கலைஞ்சு இடையில் வெள்ளை கூடினால் அது உள்மரம், பூச்சி பிடிக்கும்.

இனி பாலை. இதில்தான் ஆக்கள் பிழைவிடுறது. இது உலக்கைப்பாலை. கன அடிக்கு 65 இறாத்தலுக்கு (பவுண்டு) மேல் வரும், தண்ணீரில் போட்டால் தாழும். ஏழிலைப்பாலை வேறு மரம். மென்மையான வெள்ளைக் கட்டை, பெட்டிப் பலகைக்கும் தீக்குச்சிக்கும் போகிறது. வெட்பாலை இன்னொன்று, கடைசல் வேலைக்கும் பொம்மைக்கும் உரியது. மூண்டும் "பாலை". வண்டிப் பட்டறையில் வெறும் பாலை எண்டு எழுதினால் உலக்கைப்பாலைதான், மற்ற இரண்டும் பாரம் தாங்காது.

முதிரை எங்களுக்கு மஞ்சள் பளபளப்பான கெட்டி மரம். தமிழ்நாட்டில் அதைப் பொரசு எண்டும் சொல்லுவினம்.

#4 முழக்கோல்

நல்லாச் சொன்னீங்க. பாலை மூன்று மரத்துக்கு ஒரே பெயர். தோதகத்தி, ஈட்டி, நூக்கு அதற்குத் தலைகீழ். மூன்று பெயரும் ஒரே கருமரத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் புழங்குகிறது. அகராதியில் மூன்றையும் தனித்தனி மரமாகப் போட்டுவிட வேண்டாம்.

#5 கணக்கப்பிள்ளை

பாலைக் கட்டைக் கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சுற்று 4 அடி, நீளம் 10 அடி. சுற்றில் கால் பங்கு 1 அடி. அதை அதோடு பெருக்கி நீளத்தால் பெருக்கினால் ஒரு கட்டைக்கு 10 கன அடி, நாலுக்கு 40. பட்டியலில் இருப்பது இந்தக் கால்சுற்றுக் கணக்கு. உருண்டைக் கட்டையின் உண்மையான கன அளவு ஒன்றுக்கு 12.73, நாலுக்கு கிட்டத்தட்ட 51. கணக்கு எழுதினவர் பிழை செய்யவில்லை. சதுரிக்கும்போது போகிற முதுகுப் பலகை, பட்டை, வெளிறு எல்லாவற்றையும் கழித்து வாங்குகிறவனுக்குச் சாதகமாகப் போட்ட முறை அது. மரக்கடைகளில் உருண்டைக் கட்டைக்கு இன்றும் இதே முறை.

எடை பார்க்க வேண்டுமானால் 51ஐத்தான் எடுக்க வேண்டும். வடமராட்சியான் சொன்ன 65 இறாத்தலால் பெருக்கினால் 3,300 இறாத்தல், ஒன்றரை டன்.

#6 சொல்தேடி

மிக்க நன்றி ஐயா. தமருக்கும் துரப்பணத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் துளைபோடும் கருவி என்றே அகராதி சொல்கிறது.

#7 வடமராட்சியான்

இரண்டும் ஒண்டுதான். பழைய ஆக்கள் தமர் எண்டவை, பிறகு துரப்பணம் எண்டு வந்தது.

#8 முழக்கோல்

பொதுவாக அப்படிச் சொல்லலாம், இந்தப் பட்டியலுக்குப் பொருந்தாது. ஒரே பொருளை ஒரே ஆள் இரண்டு வரியில் இரண்டு பெயரில் எழுத மாட்டார். எண்களைப் பாருங்கள்: தமர் 4, நாலுக்கும் அளவு உண்டு. துரப்பணம் 1, அளவு இல்லை, வார் உண்டு. துரப்பணம் என்பது சுழலும் கட்டை. உச்சியில் ஒரு சிரட்டை மூடி. அதை ஒருவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார், மற்றவர் கட்டையில் சுற்றிய வாரை இரு கையாலும் மாறி மாறி இழுப்பார். வாருக்குப் பதில் வில் இருந்தால் ஒரே ஆள் போதும். தமர் அதன் அடியில் செருகும் இரும்பு அலகு. தமர் என்ற சொல்லுக்குத் துளை என்றும் பொருள் உண்டு, துளையிடும் ஊசி என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டாவது.

#9 பாரவண்டி

முக்கால் சரி. 8 நூல் தமரை வார்த் துரப்பணத்தில் மாட்டினால் பாலையில் சுற்றாது. வார் இழுக்க இழுக்கக் கட்டையில் வழுக்கும், அலகு முன்னும் பின்னும் சுரண்டும், மரம் புகையும். வார்த் துரப்பணம் ஒரு சுற்று முன்னே போனால் ஒரு சுற்று பின்னே வரும், ஆகவே அலகு இரண்டு பக்கமும் சுரண்டும் தட்டை முனையாகத்தான் இருக்கும். அரை அங்குலத்துக்கு மேல் அதில் எடுப்பது கஷ்டம். 6, 8 நூல் தமர் இரண்டும் குறுக்குப் பிடி போட்டு ஒரே திசையில் கையால் திருகுவது. வட்டைக்கும் வட்டைக்கும் நடுவே முளை அடிக்கவும், குடத்தில் ஆரக்கால் இறங்கும் பொளி எடுக்குமுன் நடுத்துளை போடவும் அதுதான் வேண்டும்.

வண்டி வரிக்கு வருகிறேன். சக்கரத்தின் நடுக்கட்டை குடம். அதிலிருந்து கிளம்புவது ஆரக்கால். வெளிவட்டத்தில் துண்டு துண்டாக வளைத்துச் செதுக்கிச் சேர்ப்பது வட்டை. அதைச் சுற்றி இறுக்கும் இரும்பு பட்டா. அச்சு இரும்புதான் இருசு, அது உட்காரும் மரம் இருசுக்கட்டை. சக்கரம் கழன்று ஓடாமல் இருசின் முனையில் செருகுவது கடையாணி. (சங்க காலத்தில் வட்டைக்குச் சூட்டு என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகர் வண்டியைச் சொல்லும் இடத்தில் சூட்டு, ஆரம், உருளி, பார் நாலும் வரும். பார், அதாவது வண்டியின் நெடுஞ்சட்டம், இன்றும் அதே பெயரில் இருக்கிறது.)

இப்போது எண்கள். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால், இது மாறாது. 52 வட்டைக்கு 104 சரியாக வருகிறது. ஆனால் 104ஐ 8 குடத்துக்குப் பிரித்தால் 13. ஒற்றைப்படை ஆரக்கால் உள்ள சக்கரம் கிடையாது. ஆகவே இரண்டு அளவுச் சக்கரம் கலந்து கிடக்கிறது. 12 ஆரக்கால் 6 வட்டை கொண்டது நாலு, 14 ஆரக்கால் 7 வட்டை கொண்ட பாரவண்டிச் சக்கரம் நாலு. 48ம் 56ம் 104. 24ம் 28ம் 52.

#10 கணக்கப்பிள்ளை

12 ஆரக்கால் ஆறு, 16 ஆரக்கால் இரண்டு என்றாலும் 104 வரும், வட்டையும் 52 வரும். அதை எப்படித் தள்ளினீர்கள்?

#11 பாரவண்டி

கணக்கால் தள்ள முடியாது, உண்மைதான். சொல்தேடி, குடத்துக்கு எதிரே வேறு ஏதாவது குறிப்பு இருக்கிறதா?

#12 சொல்தேடி

இருக்கிறது அண்ணா. "குடம் 8, இதில் பெரிசு 4" என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறார்கள். தேவையில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். பட்டாவுக்கு எதிரே "5 அடி 4, பெரிசு 2".

#13 பாரவண்டி

அப்போ 4 + 4 தான். சின்னது நாலுக்கும் பட்டா உண்டு, பெரிசில் இரண்டுக்குத்தான் உண்டு. மற்ற இரண்டு பட்டா போடாமல் கிடந்த சக்கரம். இருசு 3 என்பதும் இதோடு ஒத்துப்போகிறது: மூன்று சோடி ஓடத் தயார், நாலாவது சோடி வேலையில்.

அந்த நாலாவது சோடிக்கு என்ன வேலை மிச்சம் என்று சொன்னால் அகராதிக்குச் சொற்கள் இன்னும் கிடைக்கும். குடம் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். ஈரக் குடத்தில் பொளி வெட்டி ஆரக்காலை இறக்கினால், காயும்போது பொளியின் ஓரத்தில் வெடிக்கும், கழுந்து ஆடும். (பொளி துளை, கழுந்து அதில் இறங்கும் நாக்கு.) வெடிப்புக்குத் தடையாகக் குடத்தின் இரண்டு பக்கமும் பூண் ஏற்றுவார்கள். ஆரக்காலைக் கொட்டாப்புளியால் அல்ல, சம்மட்டியால் மரத்துண்டு வைத்துக் குடத்தில் இறக்க வேண்டும். கையால் இறங்குகிற கழுந்து பயன்படாது.

வட்டைகளைச் சுற்றி ஏற்றும்போது ஒன்றுக்கொன்று முட்டவிடக் கூடாது. ஒவ்வொரு சேர்க்கையிலும் அரை நூல் அளவுக்கு இடைவெளி நிற்க வேண்டும். பட்டா இறுகும்போது அந்த இடைவெளி மூடி, வட்டை ஆரக்காலின் தோளில் உட்காரும். முன்பே முட்டிவிட்டால் பட்டாவின் இறுக்கமெல்லாம் வட்டையோடு நின்றுவிடும், ஆரக்கால் தளர்ந்தே இருக்கும். வண்டி ஓடும்போது "கடக் கடக்" என்று கேட்டால் பெரும்பாலும் இந்தக் குறைதான். இடைவெளி மிகுந்தால் வேறு வினை: பட்டா அளவுக்கு மேல் இழுத்து ஆரக்கால்களை ஒருபக்கமாகத் தள்ளிச் சக்கரம் குடைக்கவிழ்ந்து போகும்.

பட்டா அளவு: 5 அடிச் சக்கரத்தின் சுற்று 15 அடி 8½ அங்குலம். பட்டாவின் உள்சுற்று அதைவிட முக்கால் அங்குலம், அதாவது 6 நூல் குறைவாக இருக்க வேண்டும். வரட்டி அடுக்கி வட்டமாகத் தீமூட்டிப் பட்டாவைச் சுமார் 400 பாகை செல்சியஸ் சூட்டுக்குக் கொண்டுவந்தால் அது 7 நூலுக்குச் சற்று மேல் நீளும். கிடைக்கிற ஒரு நூல்தான் சக்கரத்தைச் சுற்றி இறக்குவதற்கான தாராளம். மூன்று நாலு பேர் குறட்டால் தூக்கி வைத்து, சம்மட்டியால் சுற்றிலும் தட்டி இறக்கிய உடனே தண்ணீர். தாமதித்தால் வட்டை கருகிக் கரியாகும். கரியான ஒரு நூல் கனம் பிறகு உதிர்ந்து பட்டா தளரும். ஒரே பக்கம் ஊற்றிக்கொண்டு நின்றாலும் கோணும், சுற்றி வந்து ஊற்ற வேண்டும்.

#14 வடமராட்சியான்

கடையாணி 11 ஏன் எண்டு கேட்பியள். ஆறு தேவை, மிச்சம் சேமிப்பு. தொலைகிற சாமான் அதுதான்.

#15 காடிவாய்

பீப்பாய்ப் பகுதியை யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாவண்டலை என்பது சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம். திருகோணமலை மரம் என்ற பெயரில் சென்னைக்குக் கப்பலேறியது. சென்னைக் கடற்கரையில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகுக்கு இதன் பலகையைத்தான் விரும்பினார்கள். அந்தப் படகில் ஆணி இல்லை, கயிற்றால் தைத்த பலகை. அலையில் மோதும்போது பலகை வளைந்து கொடுக்க வேண்டும், முறியக் கூடாது. இதே குணம் பீப்பாய்க்கும் வேண்டும்: வளைய வேண்டும், நார் நேராக இருக்க வேண்டும், கசியக் கூடாது. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை முதிர வைப்பது ஹல்மில்லத் தொட்டியிலும் பீப்பாயிலும்தான். எண்ணெய்ப் பீப்பாய்க்கும் இது போயிற்று. ஆகவே இந்தப் பட்டறை சாராயத்துக்கோ எண்ணெய்க்கோ செய்தது. பென்சில்கரி ஏற்றுமதிக்கும் இலங்கையில் ஏராளமாகப் பீப்பாய் செய்தார்கள், ஆனால் காய்ந்த சரக்குக்கு இவ்வளவு நல்ல மரம் போட மாட்டார்கள்.

லீக்கர்: ஒல்லாந்தர் விட்டுப்போன அளவு. சாராயக் கணக்கில் ஒரு லீக்கர் சுமார் 150 காலன். அதே பெயர் அந்தக் கொள்ளளவுள்ள பீப்பாய்க்கும் ஆயிற்று. நிரம்பினால் உள்ளே இருப்பதே சுமார் 1,400 இறாத்தல் வரும். தூக்குவது என்ற பேச்சே இல்லை, வயிற்றில் உருட்டுவதுதான். பீப்பாய்க்கு வயிறு வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை: தரையில் ஒரு சின்ன இடம் மட்டும் படுவதால் ஒரே ஆள் உருட்டித் திருப்பிவிடலாம்.

கொள்ளளவு கண்டுபிடிக்க: வயிற்றின் உள்விட்டத்தை அதோடு பெருக்கி இரட்டியுங்கள், வாயின் உள்விட்டத்தை அதோடு பெருக்கிக் கூட்டுங்கள், உள்நீளத்தால் பெருக்கி 0.2618ஆல் பெருக்கினால் கன அங்குலம். 277.42ஆல் வகுத்தால் காலன். வயிறு 36, வாய் 30, நீளம் 46 அங்குலம் என்றால் 151 காலனுக்குச் சற்று மேல். லீக்கர் அந்த உருவத்தில் இருக்கும்.

அடுத்தது கவராயம் 2. வட்டம் கீறும் இருகால் கருவி. வண்டிக்கும் வேண்டும், பீப்பாய்க்கு மூடி வெட்ட அது இல்லாமல் முடியாது. பலகைகளை நிறுத்தி வளையம் போட்டபின், வாயின் உள்பக்கம் ஒரு அங்குலம் கீழே சுற்றிலும் காடி எடுப்பார்கள். மூடி அந்தப் பள்ளத்தில் உட்காரும். காடியின் வட்டம் ஒருபோதும் எண்ணியபடி அமையாது, ஆகவே விட்டத்தை அளந்து பயனில்லை. கவராயத்தைக் காடிக்குள் வைத்து நடத்த வேண்டும். ஆறு அடியில் புறப்பட்ட புள்ளிக்கே வந்து நிற்கும்வரை காலைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது. வந்து நின்றுவிட்டால் அந்த விரிவுதான் மூடியின் அரைவிட்டம். அப்படியே பலகைமேல் வட்டம் போட்டு, ஓரம் காடியில் இறுக ஒரு மயிரிழை கூட்டி வெட்டுவது.

#16 சொல்தேடி

அருமை. ஒரு சந்தேகம். பீப்பா 3 இருக்கும்போது தனியாக 60 பலகையும் 24 மூடிப் பலகையும் வளையம் 18ம் எதற்கு? புதிதாகச் செய்ய வாங்கிவைத்த சரக்கா?

#17 காடிவாய்

நானும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், ஆனால் எண்கள் வேறு சொல்கின்றன. 18 வளையம், மூன்று பீப்பாய்: ஒன்றுக்கு ஆறு. வாய்க்கு இரண்டு, கழுத்துக்கு இரண்டு, வயிற்றுக்கு இரண்டு, இது முறையான கணக்கு. 24 மூடிப் பலகை: ஒரு பீப்பாய்க்கு இரண்டு மூடி, ஆக ஆறு மூடி, மூடிக்கு நாலு பலகை. 60 பலகை: ஒன்றுக்கு இருபது. வயிற்றின் உள்விட்டம் 24 அங்குலம் என்று வையுங்கள். 9 நூல் கனம் இரு பக்கமும் சேர்ந்தால் வெளிவிட்டம் 26¼, சுற்று 82½ அங்குலம். இருபதால் வகுத்தால் பலகையின் நடு அகலம் 4 அங்குலத்துக்குச் சற்று மேல். வாயின் உள்விட்டம் 20 என்றால் முனை அகலம் 3½. செய்து பழகிய அளவு. நீளம் 2 முழம், 36 அங்குலம். முனை அறுத்தபின் 34. வளைவும் காடிக்கு வெளியே நிற்கும் விளிம்பும் போக உள்நீளம் 30. கொள்ளளவு போட்டுப் பார்த்தால் 44 காலன், 200 லிட்டர்.

மூன்று வரியும் மூன்று பீப்பாய்க்கு மிச்சமில்லாமல் வகுபடுவது தற்செயலாக இருக்க முடியாது. வாங்கிவைத்த சரக்காக இருந்தால் உடைசலுக்கு நாலைந்து பலகை கூட இருக்கும். என் தீர்ப்பு: "பீப்பா 3" என்பது தலைப்பு. கழற்றிக் கட்டுக்கட்டாக வைத்திருந்த மூன்று பீப்பாயின் உறுப்புகள்தான் அடுத்த மூன்று வரியும். இடம் அடைக்காது, காற்றோட்டமும் கிடைக்கும்.

#18 கணக்கப்பிள்ளை

அப்படியென்றால் லீக்கர் ஒன்று மட்டும்தான் நின்ற பீப்பாய். சொல்தேடி, மூலத்தில் "பீப்பா 3" வரி மற்ற வரிகளைவிட இடப்பக்கம் தள்ளி எழுதியிருக்கிறதா பாருங்கள்.

#19 சொல்தேடி

ஆமாம் ஐயா, ஓர் எழுத்து இடம் இடப்பக்கம் தள்ளி இருக்கிறது! "குடம்" வரியும் அப்படியே தள்ளி இருக்கிறது. கணக்கு எழுதினவரின் கைநடுக்கம் என்று நினைத்தேன்.

இன்னொன்று: பட்டியலை வைத்திருப்பவர்களிடம் பழைய பீப்பாய்ப் பலகைக் கட்டு ஒன்றும் இருக்கிறதாம். பூட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

#20 பாரவண்டி

குடமும் தலைப்பு என்றால் இன்னும் நல்லது. ஆரக்கால், வட்டை, பட்டா எல்லாம் அந்த எட்டுக் குடத்துக்கு உரியவை.

#21 காடிவாய்

பூட்டலாம், அவசரப்படக் கூடாது. முதலில் பலகைகளின் உள்முகத்தில் கீறலோ வெட்டோ குறியாக இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்த வரிசையிலேயே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பலகையின் ஓரமும் பக்கத்துப் பலகைக்கென்றே சாய்வாக இழைத்தது. இருபது பலகைக்குச் சாய்வு ஓரத்துக்கு 9 பாகை என்று கணக்கு இருந்தாலும் அகலம் ஒன்றுபோல் இராது. வரிசை மாறினால் வெளியே பார்க்க இறுகியிருக்கும், உள்ளே இடுக்கு விட்டிருக்கும். குறி இல்லாவிட்டால் காடியை வைத்துச் சேர்க்கலாம்: அடுத்தடுத்த பலகையில் காடி ஒரே கோட்டில் ஓட வேண்டும்.

ஓரத்தை இழைத்துச் "சுத்தம்" செய்ய விடாதீர்கள். ஒரு சுருள் இழைத்தால் இருபது பலகைக்கு நாற்பது சுருள். வளையம் அவ்வளவும் தளர்ந்து கீழே இறங்கிவிடும், மூடி காடிக்குப் பெரிதாகிவிடும்.

ஒரு வாய் வளையத்துக்குள் பலகைகளை நிறுத்தி, கடைசிப் பலகையைத் தட்டி இறக்குங்கள். பழைய பலகை ஏற்கெனவே வளைந்திருப்பதால் மறுமுனை தானே கூடி வரும். வராவிட்டால் வெளியே ஈரத்துணி போட்டு, உள்ளே சின்னத் தணல் சட்டி வைத்து அரை மணி நேரம் சூடேற்றிக் கயிற்றால் இறுக்க வேண்டும். குளிர்ந்த பலகையைக் கட்டாயப்படுத்தினால் நடுவில் முறியும், பழசுக்கு மாற்றுப் பலகை கிடைக்காது. மூடியை உள்ளே விட வாய் வளையத்தைக் கழற்றிப் பலகைகளைச் சற்று விரித்துக் காடியில் உட்கார்த்திவிட்டு மீண்டும் வளையம். வளையங்களை வயிற்றை நோக்கி, சுற்றிலும் சமமாக, மழுங்கிய இரும்பு வைத்துத் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் வளையம் கோணி அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

பிறகு தண்ணீர். முழுக்க நிரப்ப வேண்டாம். நாலைந்து காலன் வெந்நீர் விட்டு உருட்டி, ஒரு வாயில் நிறுத்தி, மேல் மூடியின்மேலும் இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்குங்கள். மறுநாள் புரட்டி மறுபக்கம். முதல் நாள் எல்லா இடுக்கிலும் ஒழுகும், பயப்பட வேண்டியதில்லை. மரம் ஊதி மூட இரண்டு நாள் பிடிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வழவழப்பும் நாற்றமும் ஏறும். அதன்பின்னும் காடியில் மட்டும் கசிந்தால் அந்த இடத்தில் தேன்மெழுகைச் சூடாகத் தேய்க்கலாம். பலகை இடுக்கில் கசிந்தால் மெழுகு நிற்காது, வளையத்தை இன்னும் ஒரு நூல் இறக்கிப் பார்க்க வேண்டும். வெளியே வார்னிஷ் வேண்டாம்.

#22 வடமராட்சியான்

அந்தப் பலகைக் கட்டோடு வந்த வளையம் எத்தனை, எந்த எந்த விட்டம் எண்டு அளந்து போடச் சொல்லுங்கோ தம்பி. ஆறும் இருந்தால் அது அந்த மூண்டில் ஒண்டோ எண்டு பார்க்கலாம். பலகையின்ர கனத்தையும் நூல் கணக்கில் எடுக்க வேணும், நடுவில் அல்ல, முனையில். நடுவை வாய்ச்சியால் உள்ளே குழிச்சிருப்பினம்.